நன்றியுரையில் ஒரு பெயர்

ஓசூருக்கு வந்த முதல் மாதம், அம்மா தூத்துக்குடியிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "மேனேஜருன்னு சொல்லுத, ஒனக்குக் கீழ எத்தன பேரு இருக்காவ?" ஒருவரும் இல்லை என்பேன். அம்மா உடனே, மழை பெய்கிறதா என்று கேட்பார்.

பிராடக்ட் மேனேஜர் வேலையை அம்மாவுக்கு விளக்குவது கஷ்டம். எங்கள் கம்பெனி, தொழிற்சாலைகளுக்கு ஒரு மென்பொருள் விற்கிறது. இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தொடுதிரை இருக்கும். பாகங்களை அளந்து பார்ப்பவர்கள் மணிக்கொரு முறை அளவை அதில் பதிய வேண்டும். அவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்று பார்த்து, அடுத்து எதை மாற்றலாம் என்று முடிவு செய்வது என் வேலை. அந்த முடிவு செய்வதுதான் எனக்கு வரவில்லை. உலோகத் தேய்மானத்தில் முனைவர் பட்டம், பிறகு இரண்டு தற்காலிகப் பதவிகள் என்று பத்து வருடம் ஆராய்ச்சியில் கிடந்தவள் நான். நிரந்தர வேலைக்குப் போன நேர்காணல்களில் எல்லாம் பாராட்டு வாங்கினேன், வேலை வாங்கவில்லை. முப்பத்தேழு வயதில் போதும் என்று தோன்றியது. கூட்டங்களில் நான், "இன்னும் தரவு வேண்டும், உறுதியாகச் சொல்ல முடியாது" என்று ஆரம்பித்தால், என்னைவிடப் பத்து வயது சின்னவனான இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்ப்பான். "செய்யலாமா வேண்டாமா, அத மட்டும் சொல்லுங்க மேடம்."

தனியாக இருந்தேன். இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் தெலுங்கு பேசினார்கள், பக்கத்து ஊரான தளியிலிருந்து காய் கொண்டுவருகிறவரிடம் கன்னடம் பேசினார்கள், என்னிடம் தமிழ் பேசினார்கள். ஆனால் தண்ணீர் வரும் நேரத்தைத் தவிர என்னிடம் சொல்ல அவர்களுக்கு எதுவும் இருக்கவில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் மாலையாகிவிடும். ஆராய்ச்சிக்கூடத்திலும் நாங்கள் அதிகம் பேசியதில்லை. ஆனால் அங்கே பக்கத்து மேசையில் இருப்பவளுக்கும் என் கவலையே கவலையாக இருந்தது.

இந்த நிலையில்தான் அந்த அக்காவைச் சந்தித்தேன். வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், மூன்றாவது லைனில், அளவு பார்க்கிறவர். மத்தூர்ப் பக்கத்து ஊர். விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறி வருவார். எட்டு வருடமாக கான்ட்ராக்ட். நோட்டும் கையுமாக நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்த முதல் நாளே மேலும் கீழும் பார்த்தார். "இன்னா கண்ணு, இவ்ளோ படிச்சிட்டு எங்கூட வந்து குந்திக்கினு இருக்கற?" என்றார். சிரித்துக்கொண்டே நோட்டைத் திறந்தேன். அதன்பிறகு வாரம் இரண்டு நாள் போனேன். ஒரு நாளே போதுமானது. இரண்டாவது நாள் எனக்காகப் போனேன்.

அந்த வருடம் அவரைப் பெர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். "லிஸ்ட்ல எம் பேரு இருக்குதாம். சூப்பர்வைசரே பார்த்தாராம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். பெர்மனென்ட் என்ற அந்த ஒரு சொல்லுக்காகப் பத்து வருடம் காத்திருந்தவள் நான். எனக்குக் கிடைக்காதது இவருக்காவது கிடைக்கட்டும் என்று மனதார நினைத்தேன்.

ஒரு விஷயம் மட்டும் என்னை அரித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது லைனில் எட்டு மணி நேரத்துக்கான பதிவுகள் எல்லாம் ஷிப்ட் முடிவில், நாலைந்து நிமிடத்துக்குள் வந்து விழுந்தன. மணிக்கொரு முறை என்று போட்டிருந்த நேரங்கள் எல்லாம் கையால் திருத்தியவை. அவரிடமே கேட்டேன். சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எண்ணெக் கையுறையோட தொட்டா உங்க டச்சு வேல செய்யாது கண்ணு. ஒவ்வொரு வாட்டியும் கழட்டி மாட்றதுக்குள்ள பத்து பீஸ் போயிடுது. அளக்கறதுல்லாம் நேரத்துக்கு அளந்துருவன். அட்ட மேல பென்சில்ல எழுதி வெச்சிக்குவன். கடசில ஒண்ணா ஏத்திருவன். எல்லா லைன்லயும் அப்டித்தான்."

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அளவுகள் உண்மை, நேரங்கள் பொய், தப்பு எங்கள் திரையில். பல மாதங்களுக்குப் பிறகு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். எட்டுப் பக்க அறிக்கை எழுதினேன். நோக்கம், முறை, முடிவுகள், வரம்புகள், பரிந்துரை என்று அத்தனையும் பழைய ஒழுங்கில். கடைசிப் பக்கத்தில், ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிற கை தானாகவே செய்கிற மாதிரி, நன்றி என்று தலைப்புப் போட்டேன். மூன்றாவது லைனில் பணிபுரியும் இன்னார் இந்த நடைமுறையை எனக்குப் பொறுமையாக விளக்கினார், அவர் இல்லாமல் இந்த முடிவை எட்டியிருக்க முடியாது என்று அவருடைய முழுப் பெயரையும் எழுதினேன். உதவியவரின் பெயரை விடுவது திருட்டு என்று சொல்லிக்கொடுக்கப்பட்டவள். நான் வளர்ந்த இடத்தில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அறிக்கையைத் தொழிற்சாலையின் தரப்பிரிவுத் தலைவருக்கும் அனுப்பினேன்.

எட்டுப் பக்கத்தையும் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பெயரை எல்லோரும் படித்தார்கள்.

அடுத்த வாரம் போனபோது அவருடைய இடத்தில் ஒரு புதுப் பெண் நின்றிருந்தாள். நேரத்தைத் திருத்திப் பதிந்ததற்காக அக்காவுக்கு மெமோ கொடுத்து பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள், லிஸ்டிலிருந்தும் எடுத்துவிட்டார்கள் என்று சூப்பர்வைசர் சொன்னார். நேரே தரப்பிரிவுத் தலைவரிடம் ஓடினேன். தப்பு எங்கள் திரையுடையது, அந்த அக்கா ஒரு அளவையும் தவறவிட்டதில்லை, வேண்டுமானால் இங்கேயே எழுதித் தருகிறேன் என்றேன். தலைவர் கெட்டவர் இல்லை. நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார்.

"ஏற்கெனவே எழுதித்தான் குடுத்துட்டீங்களே மேடம். எல்லா லைன்லயும் இதான் நடக்குது, எனக்கும் தெரியும். ஆனா பேரோட காகிதத்துல வந்துடுச்சே. ஆடிட்ல கேட்டா நான் என்ன சொல்றது?"

பேக்கிங்கில் அக்கா அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். எங்கள் பழக்கம் அது, மரியாதைக்காக எழுதினேன், இப்படி ஆகும் என்று தெரியாது என்றேன். அழுதுகூட விட்டேன். அவர் ஒட்டிக்கொண்டிருந்த பெட்டியை முடித்துத் தள்ளி வைத்தார்.

"நீங்க நல்லதுக்குத்தான் எழுதனீங்க. அது எனுக்குத் தெரியுங்க மேடம். ஆனா நான் உங்ககிட்டதான சொன்னன். காகிதத்துக்கா சொன்னன்?"

அடுத்த பெட்டியை எடுத்துக்கொண்டார். அதற்குமேல் அங்கே நிற்க எனக்கு இடமில்லை.

மூன்று மாதத்தில் திரையை மாற்றினோம். கையுறையோடு தொட்டாலும் வேலை செய்கிறது. செய்யலாமா வேண்டாமா என்று ஒருமுறைகூட நான் தயங்கவில்லை. பதிவுகள் இப்போது மணிக்கொன்றாக வருகின்றன. இன்னும் வாரம் ஒருமுறை லைனில் போய் உட்காருகிறேன். நோட்டைப் பையிலேயே வைத்துவிடுகிறேன். எதில் கஷ்டம் இருக்கிறது என்று ஒவ்வொருவராகக் கேட்கிறேன். புதுப் பெண்ணும், அடுத்த லைன்காரரும், அதற்கடுத்தவரும், "எல்லாம் சரியா இருக்குங்க மேடம்" என்கிறார்கள். காலாண்டுக் கூட்டத்தில் அந்தத் தொழிற்சாலையிலிருந்து ஒரு குறைகூட வரவில்லை என்று சொல்லி என் மேலதிகாரி எல்லோரையும் கைதட்டச் சொன்னார். நானும் தட்டினேன்.