நிற்க வைக்காத இரண்டு நாள்

ஜூலை எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டேகால். விடாத மழை. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கும் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் மனைவி, முந்தைய நாள்தான் மூத்த நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆறு அடி வைத்திருந்தாள். தினமும் நடந்தாக வேண்டும், படுத்தே இருந்தால் நெஞ்சில் சளி கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்று மூத்த நர்ஸ் இல்லை. பிசியோதெரபிஸ்டும் இல்லை. தரச் சான்றிதழுக்காக ஆய்வு செய்ய வரப்போகிறார்கள் என்று, எங்கள் மாடியின் நிரந்தர ஊழியர் பதினான்கு பேரையும் ஊரின் மறுகோடியில் காக்கநாட்டில் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். நோயாளியைப் பத்திரமாக எழுப்பி நடத்துவதற்கான பயிற்சி. வார்டில் மிஞ்சியவர்கள் வேலைக்கு வந்து மூன்று வாரமான இரண்டு டிரெயினி நர்ஸுகள்.

டாக்டர் வந்து, நடத்தச் சொல்லிவிட்டுப் போனார். டிரெயினிகளில் நாகர்கோவில்காரப் பெண்ணிடம் நான்கு முறை கேட்டேன்.

"ஆளைத் தூக்கி நிறுத்த எங்களுக்கு இன்னும் காட்டித் தரல, அங்கிள். அம்மா விழுந்தா நான் என்ன செய்ய?"

"விழுந்தா எத்தனை தரம்னு எண்ண மாமா இருக்கார், பயப்படாதே கொழந்தே" என்றாள் என் மனைவி, எதையும் எண்ணும் பழக்கமுள்ள என்னைக் காட்டி.

அந்தப் பெண் சிரித்தாள். ஆனால் கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியை இறக்கவில்லை. நானே தூக்கிப் பார்த்தேன். எழுபத்தெட்டு வயதில் முடியவில்லை.

புதன்கிழமையும் அப்படியே போயிற்று. வியாழன் காலை அவளுக்குக் காய்ச்சல், மூச்சு இழுத்தது. நிமோனியா என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாள்.

பணியாளர் பிரிவு அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். டிரெயினிகளை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டேன். அவர்கள் நிரந்தரம் இல்லை, கற்றுக்கொடுத்தால் ஆறு மாதத்தில் கல்ஃபுக்குப் போய்விடுவார்கள் என்று பொறுமையாக விளக்கினார். சாயா வரவழைத்துக் கொடுத்தார். குடித்தேன். கோபம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

வார்டுக்குத் திரும்பியபின் மூத்த நர்ஸ் அவளை நிறுத்திப் பார்த்தாள். கால்கள் தாங்கவில்லை. மூன்றாம் முறை, "போறும் மோளே" என்றாள் என் மனைவி.

வீட்டுக்கு அனுப்பிய அன்றும் மழை. கீழே பில்லுக்குக் காத்திருந்தபோது, சுவரில் புதிதாக மாட்டியிருந்த பயிற்சிச் சான்றிதழ்களை எண்ணினேன். பதினான்கும் இருந்தன. அவள் சக்கர நாற்காலியில் வாசலைப் பார்த்தபடி இருந்தாள். வீட்டுக்கென்று வாங்கிய அந்த நாற்காலியின் விலையும் சேர்த்து, பில் இரண்டு லட்சத்து நாற்பத்து மூன்றாயிரத்து எண்ணூற்று எழுபது ரூபாய்.