பாப்பாத்தியின் மூட்டை

1. சும்மாட்டோடு வந்தவர்

ஏற்காட்டில் பெண்களுக்காக நான் நடத்தும் ஜிம்முக்குச் சரோஜா வந்த முதல் நாள், கையில் துண்டைச் சுருட்டிச் செய்த சும்மாடு வைத்திருந்தார். டம்பெல்களை ஒருமுறை பார்த்துவிட்டுச் சும்மாட்டைத் தலையில் வைத்து நேராக நின்றார்.

"ஏத்துங்க மாஸ்டரம்மா."

நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் காபிப் பழம் பறிப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். போன மழைக்காலத்தில் சரிவில் வழுக்கித் தொடை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். கணவர் மாரிதான் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொடவிடவில்லை. அந்த அன்பிலேயே கால் மெலிந்துபோனது.

அவர்கள் எஸ்டேட்டில் பறிப்பு ஜோடி ஜோடியாக நடக்கும். மூட்டை நிறைந்ததும் ஒருத்தி மூட்டையை இன்னொருத்தி தூக்கித் தலையில் ஏற்றவேண்டும். தூக்க முடியாதவளுக்கு ஜோடி இல்லை. களத்தில் உட்கார்ந்து பழம் பொறுக்கத்தான் வேண்டும். சரோஜாவின் பல வருட ஜோடி பாப்பாத்தி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டாராம்: பறிப்பு தொடங்கும் நாளில் என் மூட்டையை ஏற்றினால் நீ, இல்லையென்றால் வேறு ஆள்.

2. தரையிலிருந்து

தலையில் சுமை இருந்தால் மலைப்பாதையில் மூடுபனி மாதிரி மிதந்து போகிறவர், தரையில் கிடப்பதை எடுக்கச் சொன்னால் முதுகை வில்லாக வளைத்தார். எடை தலைக்கு வந்த பிறகுதான் அவருடைய பலம் ஆரம்பித்தது. ஆகவே டெட்லிஃப்ட்: தரையில் கிடக்கும் எடைக் கம்பியைப் பிடித்து நிமிர்வது. இடுப்பைப் பின்னால் தள்ளு, முதுகு நேராக, கம்பி காலை ஒட்டியே வரட்டும். முதலில் மூங்கில் குச்சி, பிறகு வெறும் இரும்புக் கம்பி, பிறகு அதில் சின்னச் சின்ன எடைத் தட்டுகள்.

ஆரம்பத்தில் தசை அவ்வளவாகப் பெரிதாகாது. தூங்கிக் கிடக்கும் தசை இழைகளை எழுப்ப நரம்பு கற்றுக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் தசை தடிக்கும், சுமை பட்டுப் பட்டு எலும்பும் இறுகும். தினமும் ஒரே எடையைத் தூக்கினால் உடம்புக்குச் சலித்துவிடும். துளித்துளியாகக் கூட்டவேண்டும்.

3. நண்டு நடை

ஒருநாள் சரோஜா வரவில்லை. மாரி வந்தார்.

"ஏனுங்க, ஊட்ல படி எறங்கறதுக்கு எம்பொண்டாட்டி நண்டாட்டம் பக்கவாட்டுல போறா. இதுக்குப் பேரு பலமுங்களா?"

மூட்டில் குத்தலோ வீக்கமோ உண்டா என்று கேட்டேன். இல்லை. புது வேலை செய்த தசை வலிதான்; ஓரிரு நாளில் அடங்கும் என்றேன். தசை வளர்வது தூக்கும்போது அல்ல, ஓய்வில். முட்டையும் கொள்ளும் கொடுங்கள் என்றேன்.

"ஓய்வுலதான் வளருமுங்களா? அப்ப நா நொம்ப வருசமா வளத்துட்டிருக்கறனுங்க."

சிரித்தவர், மறுவாரம் அவரே சரோஜாவை வண்டியில் கொண்டுவந்து விட்டார். பையில் அவித்த முட்டை.

4. பறிப்பு

முதல் பறிப்பு நாளில் என்னால் ஜிம்மில் இருக்க முடியவில்லை. எஸ்டேட்டுக்குப் போய்விட்டேன். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வெயில் சல்லடையாய் இறங்கிக்கொண்டிருந்தது. பாப்பாத்தி மூட்டையின் வாயைக் கட்டிவிட்டுச் சும்மாட்டைத் தலையில் வைத்து நின்றார். சுற்றியிருந்த பெண்கள் பறிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

சரோஜா காலை அகட்டினார். இடுப்பு பின்னால் போனது. மூட்டை முழங்காலைத் தாண்டியது, மார்புக்கு வந்தது, அங்கிருந்து ஒரே வீச்சில் எகிறியது. பாப்பாத்தி தலையைக் கொண்டுபோய் அடியில் கொடுக்க வேண்டியதாயிற்று.

"ஏண்டி, தலைல வெய்யின்னா ஆகாசத்துல வெக்கப் பாக்கற?" என்ற பாப்பாத்தி, மூட்டைக்கு அடியிலிருந்தே மற்றவர்களிடம் சொன்னார்: "இவ எனக்குத்தான். ஆரும் கேக்காதீங்க."

உடம்புக்குப் பலம் சேர்ப்பது அவரவர் நலத்துக்கு என்றே அதுவரை சொல்லிக்கொடுத்து வந்தேன். இப்போது புதிதாக வருகிறவர்களிடம் எடை, உயரம் கேட்பதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன்: யாருடைய மூட்டையைத் தூக்கவேண்டும்? அதற்குப் பதில் வைத்திருப்பவர்கள் பாதியில் நிற்பதில்லை.