வண்டிக்காரக் கிறிஸ்துமஸ் தாத்தா

புதுப் பிளாஸ்டிக் முகமூடியின் உட்புறத்திற்கு ஒரு வாசனை உண்டு. வெயிலில் காய்ந்த ரப்பர் குழாயும் வார்னிஷும் சேர்ந்தாற்போல, தொண்டைவரை போய் ஒட்டிக்கொள்ளும் வாசனை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழியில், காந்திபுரத்து ஜவுளிக்கடை ஒன்றின் வாசலில், அதை நான் ஐந்து மாலைகள் சுவாசித்திருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்லுமுன் அப்போது நான் யாராக இருந்தேன் என்பதைச் சொல்லிவிடுவது முறை. கிணத்துக்கடவிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவன்; தமிழ் மன்றச் செயலாளன்; நான் மேடையேறும் போட்டிகளில் மற்றவர்கள் இரண்டாம் பரிசுக்குத்தான் பேசுகிறார்கள் என்று என் ஆசிரியர்களே சொன்னதுண்டு. இஸ்திரி போடாத சட்டையுடன் என்னை விடுதியில் ஒருவரும் பார்த்ததில்லை.

அந்தக் கடைக்கு நான் போனதும் என் குரலுக்காகத்தான், வேஷத்துக்காக அன்று. கடை உரிமையாளர் காதர் பாய், எங்கள் கல்லூரி விழா ஒன்றில் என் பேச்சைக் கேட்டுவிட்டு, பண்டிகைக் காலத்தில் கடையின் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்ய முடியுமா என்று விடுதிக்கே வந்து கேட்டார். அறிவிப்பு வாசகங்களை நானே எழுதுவேன், அதில் ஒரு சொல்லும் கொச்சையாக இராது என்ற நிபந்தனையின் பேரில் ஒப்புக்கொண்டேன். விடுமுறைக்கு ஊருக்கு வராமல் நூலகத்தில் படிக்கப்போவதாக அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். அது பொய்யன்று, காலையில் நூலகத்தில்தான் இருந்தேன். மாலைகளைப் பற்றி எழுதவில்லை, அவ்வளவுதான்.

அந்த நாளில் எங்கள் ஊர்ப்பக்கம் கிறிஸ்துமஸை எடுத்துக்கொண்ட விதத்தை இன்று நினைத்தாலும் எனக்கு மதிப்புத்தான் தோன்றுகிறது. தேவாலயத்திற்குள் நடப்பது கிறிஸ்தவர்களுடையது, அதன் மதிலுக்கு வெளியே நடப்பது ஊருடையது என்று எவரும் சொல்லாமலேயே ஓர் ஏற்பாடு இருந்தது. ஐயங்கார் பேக்கரியில் முட்டை போடாத பிளம் கேக் அடுக்கியிருக்கும். விடுதிக்கு எதிர்வீட்டு அம்மையார் கார்த்திகைக்கு அகல் வைத்த அதே மாடத்துக்கு மேலே காகித நட்சத்திரம் ஒன்றைக் கட்டி, உள்ளே சிவப்பு பல்பு எரியவிட்டிருந்தார். விடிந்தால் அதன் கீழேயே பெரிய மார்கழிக் கோலம். "ஏனுங்க, இது அவிங்க நோம்பியாச்சுங்களே?" என்று பால்காரர் கேட்டதற்கு அவர் சொன்ன பதில், "அளகா இருக்குதுங்கொ. அதுக்கு மேல என்ன வேணுமுங்க?" பண்டிகை எதுவானாலும் கொங்கு நாட்டில் அதற்கு "நோம்பி" என்றுதான் பெயர். காதர் பாய் அதையே ஒரு கணக்காக்கி வைத்திருந்தார்: "உங்களுக்கு நோம்பி, எங்களுக்கு நோன்பு, அவங்களுக்குக் கிறிஸ்துமஸு. சேலை மூணுக்கும் ஒண்ணுதான் தம்பி."

அவர் கடை வாசலில் ஆண்டுதோறும் ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா நின்று குழந்தைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார். நாடகங்களில் நடிக்கும் மாரப்பன் என்பவர் அந்த வேஷம் கட்டிவந்தார். அவ்வாண்டு, பண்டிகைக்கு ஐந்து நாள் இருக்கையில், அவருக்குப் பொன்னுக்கு வீங்கி கண்டு, இரு கன்னமும் உப்பி, முகமூடி முகத்தில் ஏற மறுத்துவிட்டது. காதர் பாயின் பார்வை கடையைச் சுற்றி வந்து என்மேல் நின்றது.

நான் மறுத்தேன். மறுத்ததற்குக் காரணம் என் கௌரவம் மட்டுமன்று. எங்கள் அக்காவுக்குத் தை மாதத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு காங்கேயத்துக்குப் பக்கம். நிச்சயத்தன்று சம்பந்தி, அதாவது மாப்பிள்ளையின் தந்தை, எங்கள் வீட்டில் உட்கார்ந்து பலர் காதுபடச் சொல்லியிருந்தார்: "இதுக்கு முன்னால ஒரு எடம் பாத்தமுங்க. பொண்ணோட தம்பி வேசங்கட்டிக் கூத்துக்குப் போறானாம். அந்தச் சோலியே வேண்டாம்னு உட்டுப்போட்டனுங்க. இங்க, பையன் காலேஜுன்னாங்க. அதுதானுங்க எனக்கு மனசுக்குப் புடிச்சுது." ஆகவே என் முகத்தின்மேல் ஒரு வேஷம் ஏறுவதும் அக்காவின் கழுத்தில் தாலி ஏறாமல் போவதும் எனக்கு ஒன்றாகத் தோன்றின. காதர் பாயிடம் இதைச் சொல்லாமல், "என் தகுதிக்கு இது ஆகாது" என்று மட்டும் சொன்னேன்.

"முகமூடிக்குள்ள யாரு தம்பி தகுதியப் பாக்கறாங்க?" என்றார் அவர். "போன வருசம் மிட்டாய் வாங்கிட்டுப் போன கொளந்தைங்க இப்பவே வந்து எட்டி எட்டிப் பாக்குதுங்க. அதுங்ககிட்ட என்னன்னு சொல்றது? தாத்தாவுக்குக் கன்னம் வீங்கிப்போச்சுன்னா?"

குழந்தைகளின் சிறிய ஏமாற்றங்களை மதிக்கத் தெரிந்த வியாபாரிகளை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒப்புக்கொண்டேன்; ஆனால் கூலி வாங்கமாட்டேன், யாரென்று வெளியே சொல்லக்கூடாது, பேசமாட்டேன் என்று மூன்று நிபந்தனைகள் விதித்தேன்.

"பேசவே வேண்டாம். ஹோ ஹோ ஹோன்னு மூணுதரம் சொன்னாப் போதும்."

"எப்படிச் சொல்வது?"

"அது எனக்கெங்க தெரியும்? டிவியில பாத்தேன், கடைச் சத்தத்துல காதுல விழுகல. மாரப்பன் பாட்டுக்கு என்னமோ கத்துவாரு." அவர் கடைத் தையல்காரர் சவரிமுத்துவின் பக்கம் திரும்பினார். "சவரி, உங்க தாத்தாதானப்பா, நீதான் சொல்லேன்."

அந்தக் கடையில் கிறிஸ்தவர் சவரிமுத்து ஒருவர்தான். எனக்காக இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்த சிவப்பு வெல்வெட் அங்கியிலிருந்து அவர் தலையை எடுக்கவில்லை. "எங்க கோயில்ல இந்தத் தாத்தாவே கெடையாதுங்க பாய். குடிலு வெப்போம். மாதா, சூசையப்பரு, கொளந்தை, மூணு ராசா, அப்புறம் ஆடு, மாடு. மாடு இருக்குதுங்க, தாத்தா இல்லீங்க."

"அப்ப அந்த மாட்டுக்குச் சொல்றாப்லயே சொல்லிப்போடுங்க தம்பி," என்றார் காதர் பாய்.

அவர் வேடிக்கையாகச் சொன்னார். நான் அப்படியே செய்தேன். எனக்குத் தெரிந்த "ஹோ" உலகத்தில் அது ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் வண்டி மாட்டை நிறுத்தும் குரல் அது. ஓட்டுவதற்கு "ஹை", நிறுத்துவதற்கு "ஹோ". ஒவ்வொரு வண்டிக்காரருக்கும் அதில் ஒரு தனிச் சாயல் இருக்கும். எங்கள் அப்பா முதல் இரண்டையும் தாழ்த்திச் சொல்லி, மூன்றாவதை நெடுக இழுத்து, முடிவில் நாக்கை மேலண்ணத்தில் அடித்து ஒரு "டொக்" வைப்பார். அந்த "டொக்"கில்தான் எங்கள் மாடுகள் நிற்கும். வயிற்றில் இலவம்பஞ்சுத் தலையணையும் இடையில் ரெக்ஸின் பட்டையும் கட்டி, முகமூடிக்குள்ளிருந்து நான் முதன்முறை குரல் கொடுத்தபோது, நடைபாதையில் போன பாதிப்பேர் ஒரு கால் முன்னே வைத்தபடி நின்றுவிட்டார்கள். பொள்ளாச்சிப் பக்கத்துக்கும் அவினாசிப் பக்கத்துக்கும் பஸ் ஏறப் போய்க்கொண்டிருந்த விவசாயிகள் அவர்கள். அந்தக் குரலுக்கு மாடுகளோடு சேர்ந்து தாங்களும் நின்று பழகியவர்கள். அடுத்த கணம் ஒரே சிரிப்பு. "அட, வெள்ளைக்காரத் தாத்தன் நம்மூருக்காரனப்போய்!" நின்றவர்கள் கடைக்குள் வந்தார்கள். வந்தவர்கள் ஊரில் போய்ச் சொன்னார்கள். மூன்றாம் நாள் அந்தத் தாத்தாவின் குரலைக் கேட்பதற்கென்றே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். என் செந்தமிழ் அறிவிப்புகளுக்கு அவ்வளவு கூட்டம் நின்றதில்லை என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஐந்தாம் நாள் மாலை. வழக்கம்போல் மூன்றாவது "ஹோ"வை இழுத்து, "டொக்" வைத்துத் திரும்பினேன். படிக்கட்டில் ஒரு கால் வைத்தபடி அப்பா நின்றுகொண்டிருந்தார்.

அவருக்குப் பக்கத்தில் சம்பந்தி. சம்பந்தியின் விரலைப் பிடித்தபடி அவர் பேத்தி, ஐந்து வயதிருக்கும். மார்கழியில் பட்டு எடுக்கமாட்டார்கள். உறவுமுறைக்குக் கொடுக்கவேண்டிய சேலை வேட்டிகளை முன்கூட்டியே எடுத்துவிட இரு வீட்டாரும் சேர்ந்து வந்திருக்கிறார்கள். பெண்கள் முன்னே மாடிக்குப் போய்விட்டார்கள்.

"பாத்தீங்களா மச்சான்," என்றார் சம்பந்தி. "கிறிஸ்துமஸு தாத்தா நம்ம வண்டிக்காரனாட்டமே கூப்புடறான்!"

அப்பா மெல்லப் படியேறி என் எதிரே வந்து நின்றார். முகமூடியின் கண்துளைகள் வழியாக அவர் பார்வை என் கண்ணில் வந்து விழுந்தது. பிறகு, வாழ்நாளில் என்னிடம் ஒருபோதும் பேசியிராத மரியாதையில் கேட்டார்:

"ஏனுங்க தாத்தா, எந்த ஊருங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பதில் சொல்லாவிட்டால் சந்தேகம், சொன்னால் குரல். தொண்டையை இறுக்கிக்கொண்டு, "வடக்குங்க" என்றேன்.

"வடக்கேன்னா, அவினாசிங்களா?"

"அதுக்கும் வடக்கேங்க."

"மாடு எத்தனைங்க பூட்டறீங்க?"

"மாடில்லீங்க. மானுங்க. எட்டு."

அப்பா சம்பந்தியின் பக்கம் திரும்பினார். "எட்டு மானை ஒரே சத்தத்துல நிறுத்தறாரு பாருங்க. நல்ல கைங்க."

சம்பந்திக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஆருன்னு பாத்துப்போடலாமுங்க! டேய், அந்த மூஞ்சியக் களட்டு!" என்று முகமூடியின் தாடிப்பக்கம் கையை நீட்டினார். எலாஸ்டிக் என் காதைவிட்டு விலகுவதை உணர்ந்தேன். அந்தக் கையை அப்பா மணிக்கட்டில் பிடித்து நிறுத்தினார். அழுத்தமாக, ஆனால் சிரித்த முகத்தோடு.

"வேண்டாமுங்க மச்சான். மாரியாத்தா நோம்பிக்கு வேசங்கட்டி வாரவங்களை நாம ஆருன்னு கேக்கறமுங்களா? வேசம் போட்டுட்டா அவுரு சாமி வீட்டு ஆளுங்க. மூஞ்சி பாக்கறது மருவாதி இல்லீங்க."

தேவாலயத்தின் படியை மிதித்தறியாத ஒரு தென்னந்தோப்புக்காரர், அடுத்தவருடைய பண்டிகையின் வேஷத்திற்குத் தம்முடைய பண்டிகையின் விதியை எடுத்துப் போர்த்தினார். மதங்களைப் பற்றி நான் பின்னர் எத்தனையோ கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன். அதைவிடச் சுத்தமான வாக்கியம் ஒன்றை நான் சொன்னதில்லை.

சம்பந்தி கையை இழுத்துக்கொண்டார். "அதுவும் சரித்தானுங்க," என்றவர், விட்ட இடத்தில் வேறொன்றைப் பிடித்தார். "ஆமா, உங்க பையனும் இந்த ஊர்லதான படிக்கறான்? வரச் சொல்லியிருக்கலாமுல்ல?"

"அவன் லைபிரரில இருப்பானுங்க," என்றார் அப்பா, என்னைப் பார்த்துக்கொண்டே. "படிக்கற பையனைத் தொந்தரவு பண்ணக்கூடாதுங்க."

சிறுமி கையை நீட்டினாள். "எனக்குங்க தாத்தா?" நான் ஒரு மிட்டாய் கொடுத்தேன். அப்பாவும் கையை நீட்டினார்; ஒற்றைக் கையை அல்ல, கோயிலில் திருநீறு வாங்குவதுபோல் இரண்டையும் சேர்த்து. அவர் உள்ளங்கையில் ஓர் ஆரஞ்சு மிட்டாயை வைத்தேன். அதை மேல்துண்டின் நுனியில் முடிந்துகொண்டு உள்ளே போனார்.

துணி எடுத்து முடித்துக் கிளம்புகையில் மற்றவர்களை முன்னே விட்டுவிட்டு, அப்பா காதர் பாயிடம் குனிந்து ஒரு கேள்வி கேட்டார். நான் இரண்டடி தூரத்தில் நின்றதால் கேட்டது: "அந்தத் தாத்தாவுக்குச் சோறு போட்டீங்களாங்க? மத்தியானத்துலருந்து நிக்கறாராட்ட இருக்குது."

"இப்பத்தானுங்க சொல்லிவிட்டிருக்கேன், பிரியாணி," என்றார் காதர் பாய்.

"தயிரும் ஒரு கை போடச் சொல்லுங்க. வவுத்துக்குச் சூடு ஆகாதுங்க அவுருக்கு."

தையில் கல்யாணம் நடந்தது. பந்தலில் நான் இஸ்திரிச் சட்டையோடு வரவேற்பில் நின்றேன். சம்பந்தி வந்தவர்களிடமெல்லாம் "எங்க மருமகளோட தம்பி, காலேஜு" என்று அறிமுகம் செய்தார். அந்த மாலையைப் பற்றி அப்பா இறக்கும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். காதர் பாய் காலமாகிவிட்டார். டிசம்பரில் பெரிய வணிக வளாகங்களில் நிற்கும் தாத்தாக்கள் நல்ல உடையில் இருக்கிறார்கள். அவர்கள் சிரிப்பு பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒலிப்பதிவாக வருகிறது, வெளிநாட்டுச் சிரிப்பு, பிழையில்லாமல். குழந்தைகள் அவர்களோடு படம் எடுத்துக்கொண்டு அடுத்த நிமிடம் நகர்ந்துவிடுகிறார்கள். நடைபாதையில் "ஹோ" என்ற குரலுக்கு நிற்கும் கால்கள் இல்லை. சாலையில் வண்டி மாடும் இல்லை.

கல்யாணமாகிப் பல ஆண்டுகள் கழித்து, அந்தத் தாத்தா நான்தான் என்பதை அக்கா வீட்டில் நானே சொன்னேன். அன்றுமுதல் அங்கே விருந்துக்கு உட்காரும்போதெல்லாம் என் மைத்துனர் அதை எடுத்துவிடுவார்: பெற்ற மகனையே அடையாளம் தெரியாமல், "எந்த ஊருங்க" என்று கேட்டு, மாமா மிட்டாய் வாங்கிக்கொண்டு போனார் என்று. எல்லாரும் சிரிப்பார்கள். அவர் சொல்வது தவறு. அப்பாவுக்குத் தெரியும்.