சீல் பிரித்த கத்தி

அந்த லிப்ட் மெக்கானிக்குக்குக் கத்தி என்றால் ஒரு காலத்தில் உயிர். பேர்போன பட்டறை ஒன்று எப்போதாவது கொஞ்சம் மடக்குக் கத்திகள் செய்து இணையத்தில் விற்கும். சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் ஒரு நாள் முன்னதாகவே விற்பனை திறக்கும். சந்தாக்காரரான அவர், வாங்கியதைப் பிரிக்காமல் வைத்திருந்து இரட்டை விலைக்குத் தள்ளிவிடுவார். இப்போது அதுவும் லிப்ட் வேலை போலவே அலுத்துவிட்டது.

ஒரு மாலை அவர் வேலை முடிந்து வந்து காலை நீட்டியபோது, கத்தி வாங்க ஒருவர் வந்தார். மருத்துவமனைச் சமையற்காரர். பணத்தைக் கொடுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே பெட்டியின் சீலைக் கிழித்தார்.

"ஐயோ, பிரிக்காதீங்க! விலை பாதியாயிடும்" என்று மெக்கானிக் பதறினார்.

"நான் என்ன விக்கவா போறேன்?" சமையற்காரர் கத்தியை விரித்து, கட்டைவிரலில் பதம் பார்த்து, முகம் மலர்ந்தார். "மூணு தடவை முயற்சி பண்ணேன் சார். எங்களுக்குத் திறக்கிறப்ப ஒண்ணும் மிச்சமிருக்காது. உங்கள மாதிரி ஆளுங்க முதல் நாளே அள்ளிடறீங்களே."

வெயிலைப் பற்றிப் பேசுவதுபோல, கோபமே இல்லாமல்தான் சொன்னார். மெக்கானிக்குக்குத்தான் சுருக்கென்றது. கொஞ்சம் பணத்தைத் திருப்பித் தரலாமா என்று நினைத்தார். ஆனால் கை சட்டைப்பையை விட்டு வெளியே வரவில்லை.

சமையற்காரர் போனதும், "இனிமே இந்தப் பொழப்பை விட்டுடறேன்" என்றார் மனைவியிடம்.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவேயில்லை. "போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

ஆனால் அடுத்த விற்பனை திறந்த அன்று, அவர் போனை அணைத்துவிட்டுப் பகல் முழுக்கத் தூங்கினார்.