எங்கள் மாடி ஃபயர் சிலிண்டரும் ஏழுமலை அண்ணனும்

இந்த நேரத்தில் பதிவு போடுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மகள் இப்போதுதான் தூங்கினாள்.

ஏழுமலை அண்ணன் இறந்துவிட்டார். மூன்று வாரம் ஆகிறதாம்... எனக்கு இன்று சாயங்காலம்தான் தெரிந்தது.

அபார்ட்மென்ட்களுக்கு வந்து, தீயணைக்கும் ஃபயர் சிலிண்டரை ரீஃபில் செய்து தருவாரே, அவர். மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் பழைய பில்டிங்குகளில் இருப்பவர்களுக்கு, முன்னால் இரண்டு பின்னால் நான்கு என்று சிவப்புச் சிலிண்டர் கட்டிய அந்த மொபெட் ஞாபகம் இருக்கும்.

நேற்று எங்கள் பார்க்கிங்கில் மீட்டர் பாக்ஸிலிருந்து புகை. யாரோ மெயினை அணைத்தார்கள், ஈ.பி. ஆள் வந்து கருகிய ஒயரை மாற்றினார், அவ்வளவுதான்.

ஆனால் மூன்றாம் மாடியிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு, புகை ஏறி வருகிற அதே படியில் இறங்கினேன். வேறு படி எங்கள் பில்டிங்கில் கிடையாது.

அதனால்தான் இன்று அண்ணன் நம்பருக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"மூணாவது மாடி பாப்பாம்மான்னு வருது... நீங்களா? அப்பா இல்லீங்க. மாரடைப்பு."

என் பெயரை அவர் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

முதல் தடவை அவர் வந்தபோது மகளுக்கு ஏழு மாதம். பார்க்கிங்கில் ஒரு அட்டைப்பெட்டியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு நின்றார். நான் கீரை வாங்க இறங்கியிருந்தேன்.

"இந்தாம்மா, நீ அடி" என்று ஒரு சிலிண்டரை நீட்டினார்.

"நானா? கைல குழந்தை வெச்சிருக்கேன் அண்ணா."

"கொயந்த வெச்சிருக்கறவதான் கத்துக்கணும். பாப்பாவ வாட்ச்மேன் கைல குடு. பழைய பவுடர எப்டியும் காலி பண்ணித்தான் ஆவணும். என் கடைல போயி நான் அடிக்கறதுக்கு இங்க நீ அடி."

சிலிண்டர் தலையில் செருகியிருந்த பின்னை இழுத்தேன், வரவே இல்லை. பயத்தில் கைப்பிடியை அமுக்கிப் பிடித்திருக்கிறேன்.

"அமுக்கிக்கினே இஸ்தா எப்டி வரும்? மொதல்ல கைய லூஸ் வுடு."

கடைசியில் எங்கள் வீட்டில் வேலை செய்யும் செல்விதான் நன்றாக அடித்தாள். வீடு பெருக்குவதுபோல, நெருப்பின் அடியில், இந்தப் பக்கம் அந்தப் பக்கம். "பாத்துக்கோ, இது கரெக்டு. நீ இன்னாடான்னா கோலம் போட்டுக்கினு கீற" என்றார் என்னிடம். செல்வி ஒரு வாரம் அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மாதம் ஒரு முறை சிலிண்டரைக் கவிழ்த்துத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பவுடர் கட்டிவிடும் என்பார். "பால் குட்ச்சதும் பாப்பாவ தோள்ல போட்டு முதுவுல தட்டுவல்ல... அத்தே மாறி."

கொஞ்ச நாள் தட்டினேன். பிறகு மறந்துவிட்டேன்.

அந்த வருஷம் ஆயுதபூஜை முடிந்து இரண்டு நாள் கழித்து வந்தார். வாட்ச்மேன் பக்தியாக மோட்டார், லிஃப்ட், ஃபயர் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். சிலிண்டரின் தலையில் கடிகாரம் மாதிரி சின்னதாக ஒரு மீட்டர் இருக்குமில்லையா, சரியாக அதன் கண்ணாடி மேல்.

உள்ளே இருக்கும் முள் பச்சையில் நின்றால் பிரஷர் இருக்கிறது. சிவப்புக்கு வந்துவிட்டால் அது வெறும் இரும்பு.

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எச்சில் தொட்டு, ஒவ்வொரு மாடியாகத் துடைத்தார். "இன்னா நைனா, கண்ண மூடிட்டா அது எப்டி பாக்கும்? பொட்டு வெய்யி, வேணான்னு சொல்லல. வயித்துல வெய்யி" என்று குங்குமத்தை அவரே கீழே இறக்கி வைத்தார். வாட்ச்மேனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அடுத்த வருஷம் அவர் வந்துபோன பிறகு செக்ரட்டரி மாமா கூட்டம் போட்டார். "கார் மேலெல்லாம் மாவு கொட்டினாப்ல இருக்கு. இவன் இங்க வந்து வித்தை காட்டிண்டு இருக்க வேண்டாம். ரீஃபில்தானே, வேற ஆளைப் பாத்துக்கலாம்" என்றார். வாட்ஸ்அப் குரூப்பிலும் அதையே போட்டார்.

நானும் தம்ஸ்அப் போட்டேன். பவுடர் மேலே பறந்து வந்து மகளுக்கு இருமல் வந்தது என்று அன்றைக்கு நினைத்தேன்... இருமல் அதற்கு முன்னாலேயே இருந்தது.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் வேறு ஆள் வருகிறார். ஸ்டிக்கர் மாற்றுகிறார், கையெழுத்து வாங்குகிறார், பத்து நிமிஷத்தில் போய்விடுகிறார். சத்தமில்லை, தூசி இல்லை.

போன மார்கழியில் மாட வீதியில் அண்ணனைப் பார்த்தேன். நான் பார்க்காததுபோல் நகரப் பார்த்தேன், அவர் மொபெட்டை நிறுத்திவிட்டார்.

"பாப்பா நல்லா கீதா? ஸ்கூலு போவுதா? ...சிலிண்டர தட்டறியா?"

தட்டுகிறேன் அண்ணா என்று சொன்னேன்.

சற்று முன் கதவைத் திறந்து போய்ப் பார்த்தேன். எங்கள் மாடிச் சிலிண்டரில் ஸ்டிக்கர் புதுசு. மீட்டர் கண்ணாடி மேல் போன ஆயுதபூஜைச் சந்தனம், காய்ந்து ஓடு மாதிரி. அதைத் துடைக்கக்கூட யாரும் தொடவில்லை. நகத்தால் சுரண்டினேன்.

முள் சிவப்பில் நிற்கிறது.

கவிழ்த்துத் தட்டியும் பார்த்தேன் அண்ணா. உள்ளே எதுவும் அசையவில்லை. கல் மாதிரி இருக்கிறது.

போய் வாருங்கள் அண்ணா. நான் சொன்னது பொய்.

எங்கள் பில்டிங்கில் முதல் மாடி, இரண்டாம் மாடிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் மாடிச் சிலிண்டரில் சந்தனத்தைத் துடைத்துவிட்டு முள் எதில் நிற்கிறது என்று பாருங்கள். பச்சையா, சிவப்பா... சீக்கிரம் பதில் போடுங்கள், நான் விழித்துத்தான் இருக்கிறேன்.