நான்கு குரல் பாட்டும் பழைய லினக்ஸும்

என் அண்ணன் பாதிரியாராவதற்குப் படிக்கச் சிறு குருமடத்தில் சேர்ந்து இரண்டு வருடம் இருந்துவிட்டு, இது தனக்குச் சரிப்படாது என்று திரும்பி வந்தவன். அங்கே கற்றதில், மேற்கத்திய இசையைக் கோடுகளில் குறித்து எழுதும் ஸ்டாஃப் நோட்டேஷன் மட்டும் அவனிடம் தங்கிவிட்டது. வாரநாட்களில் ஐஸ் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடற்கரைக் கோவிலின் பாடகர் குழு. நான் கோட்டாற்றில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்த பழைய கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போட்டு, அண்ணனுக்காக நோட்டேஷன் எழுதும் மென்பொருள் ஒன்றையும் வைத்திருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கியபோது, மஸ்கட்டில் வேலை பார்த்த அவனுடைய கூட்டாளி நான்கு குரலில் எழுதிய கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பினான். கோப்பு திறக்கவில்லை. அவன் எழுதியது அதே மென்பொருளின் புதிய பதிப்பில்.

புதிய பதிப்பு ஒரு கணினிப் பத்திரிகையோடு வந்த சிடியில் இருந்தது. உடனே நிறுவும்படி ஆயத்தமாகக் கட்டிவைத்த பேக்கேஜ். ஆனால் அது எங்கள் லினக்ஸுக்கு அடுத்து வந்த பதிப்புக்காகக் கட்டப்பட்டது. நிரல்கள் பொதுவில் பயன்படுத்தும் உன் அடிப்படை லைப்ரரி பழசு, புதியது வேண்டும் என்று சொல்லி நின்றுகொண்டது. முழு லினக்ஸையும் புதுப்பிக்க எங்கள் கணினிக்கு நினைவகம் போதாது.

பின்னால் நின்ற அண்ணன் கேட்டான். “ஏட்டி, அந்த ஒண்ண மட்டும் மாத்திப் போட முடியாதா?”

செய்யக்கூடாத காரியம். இருந்தாலும் அவசரம். சிடியிலிருந்த புதிய லைப்ரரியை எடுத்துப் பழையதன் மேல் போட்டேன். அதன் பிறகு எந்தக் கட்டளையும் ஓடவில்லை. கோப்புகளின் பெயரைக் காட்டு என்றால்கூட ஒரு வரிப் பிழைச் செய்திதான் வந்தது. கணினியில் இருந்த அத்தனை நிரல்களும் அந்த லைப்ரரியை நம்பித்தான் ஓடின.

“என்ன ஆச்சு?”

“எல்லாம் போச்சுண்ணே.”

“பாட்டுமா?”

“பாட்டு மெயில்ல பத்திரமா கெடக்கு. கம்ப்யூட்டருதான் படுத்துட்டு.”

அவன் அடுக்களைக்குப் போய் எனக்கும் சேர்த்துப் பால் விடாத கட்டன் சாயா போட்டுக்கொண்டு வந்தான். லினக்ஸை முதலில் நிறுவிய சிடியைப் போட்டுக் கணினியை எழுப்பி, பழைய லைப்ரரியை அதன் இடத்தில் திரும்ப வைத்தேன். கணினி பிழைத்துக்கொண்டது.

பத்திரிகை சிடியில் அந்த மென்பொருளின் மூல நிரலும் இருந்தது. வேறு யாரோ வேறு கணினிக்காகக் கட்டியதை வாங்கிப் பொருத்துவதைவிட, நம் கணினியில் இருக்கிற லைப்ரரிகளை வைத்து நாமே கட்டிக்கொள்வது நல்லது என்று தோன்றியது. சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மூல நிரலை ஓடும் மென்பொருளாகக் கட்டும் கம்பைல் வேலையைத் தொடங்கினேன். பாதியில் நின்றது. பாட்டை வாசித்துக் காட்டும் பகுதிக்கு எங்களிடம் இல்லாத ஒலி லைப்ரரி வேண்டுமாம். அந்தப் பகுதியை விலக்கிவிட்டு மறுபடியும் ஓடவிட்டேன். திரையில் வரிகள் கடகடவென்று ஏறிக்கொண்டே இருந்தன.

“இதுல ஓடுக வரியெல்லாம் நீ வாசிக்கியா?”

“இல்லண்ணே. நின்னா மட்டும் வாசிப்பேன்.”

வெயில் தாழும் நேரத்தில் வேலை முடிந்தது. கோப்பைத் திறந்ததும் நான்கு குரலும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் வந்து நின்றன. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

“பாடிக் காட்டுமா?”

“சத்தம் வராது. அந்த பாகத்த எடுத்தாச்சு.”

“செரி, அப்பம் நானே பாடிக்கிடுதேன்.” நாற்காலியை இழுத்துப் போட்டு ஆண்களின் மேல்குரலான டெனர் வரியை மெல்ல முனகிப் பார்த்தான். நம் ஆட்களுக்கு இது எட்டாது, சுருதியைக் கொஞ்சம் இறக்கு என்றான். இறக்கினேன்.

திங்கட்கிழமை கோட்டாற்றில் பாட்டை அச்செடுத்துப் பிரதி போட்டுக்கொண்டு வந்தேன். அன்று மாலை கோவில் வளாகத்தில் பயிற்சி. தாளில் இருந்த நோட்டேஷனைப் பார்த்துப் படிக்கத் தெரிந்தவன் அண்ணன் ஒருவன்தான். ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனியாகப் பாடிச் சொல்லிக்கொடுத்துவிட்டு, எல்லோரையும் சேர்ந்து பாடச் சொன்னான். இரண்டாவது வரியிலேயே கீழ்க்குரலில் பாடும் பாஸ் குரல்காரர்கள் முந்திக்கொண்டார்கள். அவன் பெஞ்சைத் தட்டி நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து என்றான்.