பெயர் சொல்லாமல் செய்த ஜெபம்

எங்கள் மாதர் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். பாட்டு, வேத வாசிப்பு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு வட்டமாக ஒருவர்பின் ஒருவராகச் சத்தமாக ஜெபிப்போம். அடுத்தவர் கஷ்டத்துக்காக ஜெபிக்கும்போது பெயர் சொல்லக்கூடாது. "ஒரு சகோதரி" என்றுதான் சொல்ல வேண்டும். மானத்தைக் காக்கிற நல்ல ஏற்பாடு. ஆனால் ஆமென் சொல்லித் தேநீரைக் கையில் எடுத்ததும், அந்தச் சகோதரி யார் என்று கண்டுபிடிக்கிற வேலை தொடங்கிவிடும். அதற்காகவே வருகிறவர்களும் உண்டு. நானும் அதில் ஒருத்திதான்.

நான் கொக்குவிலில், ரெயில் பாதைக்குக் கிட்டத் தனியாக இருக்கிறேன். மகன் கனடாவில், மகள் சுவிசில். என் மனுசன் ஆண்டவரிடம் போய் மூன்று வருடமாகிறது. பகலில் தனிமை தெரியாது. கோழிகளோடு கதைப்பேன், மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டோடு கதைப்பேன், மிச்ச நேரம் ஆண்டவரோடு கதைப்பேன். கறிக்கு உப்புப் போட்டேனோ என்றுகூட அவரிடம்தான் கேட்பேன். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. எனக்குக் கீழே ஆறு பேர், அவர்களைத் தூக்கித் திரிந்ததில் பள்ளிக்கூடம் தவறிப்போயிற்று. ஆனால் பாட்டெல்லாம் காதால் கேட்டே பாடம். கோயிலில் மற்றவர்கள் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடி முடிப்பதற்குள் நான் முதல் சரணத்தைப் பாடி முடித்துவிடுவேன். பாடகர் குழுவுக்கு என்னில் சரியான கோபம்.

இனி என் கண்ணின் கதைக்கு வருகிறேன். போன வருடம் வலது கண்ணில் புரை வந்து எல்லாம் புகையாகத் தெரிந்தது. மதிலில் காயப்போட்ட சாக்கைப் பூனை என்று நினைத்து மீன் தலை வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் ஒப்பரேசனுக்கு நாள் தந்தார்கள், போகவில்லை. இரண்டாம் நாளும் தந்தார்கள், மழை என்று இருந்துவிட்டேன். மூன்றாம் முறை அந்த இளம் டொக்டர் பிள்ளை கோபித்துவிட்டா.

"அம்மா, இனியும் வராட்டி இந்தக் கண் திரும்பக் கிடைக்காது. மற்றக் கண்ணும் மங்கிக்கொண்டு வருது."

"நானென்ன புத்தகமே வாசிக்கிறன், பிள்ளை?"

"புத்தகம் கிடக்கட்டும். கிணத்தைப் பாக்க வேணுமெல்லே?"

சரி, வாறன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கண் போனால் பிள்ளைகள் என்னைத் தனியாக இருக்க விடுவார்களா? வீட்டைப் பூட்டி என்னைப் பனி கொட்டுகிற ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அது ஒரு பயம். கண்ணுக்குள் கத்தி வைக்கப் போகிறார்கள் என்பது அதைவிடப் பெரிய பயம். ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கெல்லாம் "ஆண்டவர் இருக்கிறார், என்ன பயம்?" என்று தைரியம் சொல்லி அனுப்புகிறவள் நான். எந்த வாயால் எனக்குப் பயம் என்று சொல்வேன்?

ஒப்பரேசன் புதன்கிழமை. அதற்கு முந்திய வெள்ளி கூட்டத்தில் என் முறை வந்தபோது வாய் தானாகத் திறந்தது. "ஆண்டவரே, தனிய இருக்கிற ஒரு சகோதரியை நினைச்சருளும். பிள்ளையள் தூர தேசத்திலை. கண் ஒப்பரேசனுக்குப் பயந்து நித்திரையும் இல்லை. அவவுக்குப் பக்கத்திலை நில்லும்." சொல்லச் சொல்ல எனக்கே அந்தச் சகோதரியில் இரக்கம் வந்து அழுகை முட்டியது. எல்லோரும் உருக்கமாக ஆமென் சொன்னார்கள். நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. தேநீருக்கு வடை வேறு இருந்தது.

வடையைக் கடிக்க முதலே சங்கத்துச் செயலாளர் அம்மா கண்டுபிடித்துவிட்டா.

"உது எங்கடை ரீச்சரெல்லோ? தடிச்ச கண்ணாடி. தனிய இருக்கிறா. மகன் லண்டனிலை. இண்டைக்கு வரவுமில்லை!"

"ஓமோம், ரீச்சர்தான்! பாவம், ஒருத்தருக்கும் சொல்லேல்லைப் பாருங்கோ."

ரீச்சர் அடுத்த ஒழுங்கையில் இருக்கிற, பென்சன் எடுத்த ஆசிரியை. ஆரோடும் அதிகம் கதைக்க மாட்டா. நான்தான் அந்தச் சகோதரி என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சிரித்துக்கொண்டு திரிகிறவளுக்குப் பயம் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயில் வடை இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை ஏழு பேராகத் திரண்டு போனோம். போகாமல் விட்டால் சந்தேகம் வருமே என்று நானும் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு போனேன். கண்ணுக்கு நல்லதென்று ஒருத்தி கரட் கறி, ஒருத்தி முருங்கை இலைச் சொதி, செயலாளர் அம்மா கோழிச் சூப். கதவைத் திறந்த ரீச்சர் எங்களையும் பாத்திரங்களையும் பார்த்துத் திகைத்துப் போனா.

"பயப்படாதேங்கோ ரீச்சர், நாங்கள் எல்லாரும் இருக்கிறம்," என்று ஒருத்தி கையைப் பிடித்தா. ரீச்சர் எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தா. பிறகு தலை குனிந்தா. நாங்கள் அவவின் கண்ணுக்காக முழங்காலில் நின்று ஜெபித்தோம். நானும் ஜெபித்தேன். ஆண்டவர் அன்றைக்கு என்னை மன்னித்திருப்பார், சிரித்தும் இருப்பார்.

பின்னேரம் என் வாசல் படலையை யாரோ தட்டினார்கள். ரீச்சர், கையில் அடுக்குச் சட்டி.

"இந்தாரும், உமக்கு வந்த சாப்பாடு."

"என்ன ரீச்சர் சொல்லுறியள்?"

"மேசையிலை சட்டியை வைக்க முதல் கையாலை தடவிப் பாத்தது ஆர்? நாப்பது வருசம் பிள்ளையளைப் பாத்தவள் நான். ஆர் பயந்தது எண்டு எனக்குத் தெரியாதோ?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "குறை நினையாதேங்கோ ரீச்சர். உங்களைக் கரைச்சல்படுத்திப் போட்டன்."

"கரைச்சலோ? ஆறு மாசமா என்ரை படலையை மீன்காரனைத் தவிர ஒருத்தரும் தட்டேல்லை. இண்டைக்கு ஏழு பேர்! எனக்காக முழங்காலிலை நிண்டு ஜெபிக்கேக்கை, கண்ணிலை ஒண்டுமில்லையெண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை. உம்மிலை பிழையெண்டால் என்னிலும் பிழைதான்." சட்டியை என் கையில் தந்துவிட்டுக் கேட்டா, "எப்ப ஒப்பரேசன்?"

"புதன்."

"நானும் வாறன்."

அன்றிரவு கரட் கறியும் சூப்பும் இருவரும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். கத்தரிக்காயில் உப்பு இல்லை என்றா ரீச்சர்.

புதன்கிழமை ஆஸ்பத்திரி வாங்கில் வரிசையாக இருத்தினார்கள். எனக்குப் பக்கத்தில் தொண்டைமானாற்றிலிருந்து வந்த அம்மா ஒருவர், நெற்றி நிறையத் திருநீறு, "முருகா, முருகா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தா. அவவின் கையை நான் பிடித்துக்கொண்டேன். அவவும் என் கையை இறுக்கியதால் யார் யாரைப் பிடித்தோம் என்று தெரியவில்லை.

"உங்களுக்கும் பயமோ, அக்கா?" என்று கேட்டா.

"பயந்தான்," என்றேன். முதல்தரம் எனக்கென்று சொன்னேன். ஜெபத்திலே கூடச் சொல்லாத சொல். மறுபக்கம் இருந்த ரீச்சர் கண்ணை மூடி எனக்காக ஜெபித்துக்கொண்டிருந்தா, என் பெயரைச் சொல்லியே. வரிசை முழுக்கக் கேட்டிருக்கும்.

உள்ளே படுக்க வைத்து முகத்தை மூடி, வெளிச்சத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தார்கள். பாடமான பாட்டுகளில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. "எனக்குப் பயமாக் கிடக்கு ஆண்டவரே, இஞ்சை நில்லும், அங்காலை இங்காலை போகாதேயும்," என்று மட்டும் சொன்னேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"நான் இஞ்சைதான் நிக்கிறன் அம்மா. தலையை மட்டும் ஆட்டாதேங்கோ," என்றா டொக்டர் பிள்ளை.

உங்களோடு கதைக்கவில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். ஆனால் இறுக்கிப் பிடித்திருந்த என் விரல்கள் அந்த நேரத்தில்தான் கழன்றன. யாரோ என் தலைமாட்டில் இருப்பது போலவே இருந்தது. நான் வேறு எப்படிச் சொல்வேன்?

அடுத்த நாள் கண் கட்டை அவிழ்த்தார்கள். முதலில் வெள்ளையாக ஒரு சுவர், பிறகு சுவரில் ஒரு பல்லி, பிறகு என் முகத்துக்கு நேரே குனிந்திருந்த ரீச்சர். ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது.

"கடவுளே! ரீச்சர், நீங்கள் இவ்வளவு கிழவியே?"

"உமக்கு என்ன குமர்ப்பிள்ளை எண்ட நினைப்போ? வீட்டை போய்க் கண்ணாடியைப் பாரும்!"

அந்த அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். தொண்டைமானாற்று அம்மா, கண் கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை, என்ன நடந்தது என்று தெரியாமலே அவவும் சேர்ந்து சிரித்தா.